விபஸ்ஸனா 10 நாள் தியான முகாம், திருமுடிவாக்கம்: போய்வந்து ஒன்பது மாதம் கழித்து ஒரு விமர்சனம்

முகாம் முடிந்த வாரமே எழுதியிருந்தால் கண்ணீரும் நன்றியுமாக எதையாவது எழுதித் தள்ளியிருப்பேன். அப்படி எழுதியவை ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அதனால் வேண்டுமென்றே காத்திருந்தேன். போனது சென்ற மே மாதம், இப்போது பிப்ரவரி. நடுவில் பள்ளிக்கூடம் திறந்தது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது, அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் கட்டுக்கட்டாக வந்து போயின. இதையெல்லாம் தாண்டியும் அந்தப் பத்து நாளில் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை, 17 வருடமாக. எனக்குக் கோபம் வரும் என்பது எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோபப்படாமல் யாரால் பாடம் நடத்த முடியும் என்று சமாதானமும் சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் ராத்திரி, சாப்பிட்டுக்கொண்டே என் மகள் சொன்னாள், அப்போது அவளுக்கு 14 வயது: "அம்மா, நீ கத்துறதுக்கு முன்னாடி உன் வாய் ஒரு பக்கமா இழுத்துக்கும். அதப் பாத்தா நான் ரூமுக்குப் போயிடுவேன்." குறையாகச் சொல்லவில்லை. வானம் இருட்டினால் கொடியில் கிடக்கும் துணியை எடுப்போமே, அந்த மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரசம் கேட்டாள். எனக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. என் வாய் எந்தப் பக்கம் இழுக்கும்? எனக்குத் தெரியாது. என் முகத்தில் நடப்பது என் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது, அதைப் பார்த்து ஒதுங்கிப் போகவும் பழகியிருக்கிறாள், எத்தனை வருடமாக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் போனது விபஸ்ஸனாவுக்கு இல்லை. ஒரு ஓட்டலில் சனி ஞாயிறு இரண்டு நாள் பயிற்சி, "உன்னை அறிந்தால் உயர்வாய்" என்கிற ரீதியில் விளம்பரம், கட்டணம் 7,500 ரூபாய். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். முதல் நாள் காலை கேள்வித்தாள் கொடுத்து, பதிலைக் கூட்டிப் பார்த்து, நீங்கள் இந்த நிறம், அவர் அந்த நிறம் என்று பிரித்தார்கள். அப்புறம் பலகையில் ஜோஹாரி சன்னல் வரைந்தார்கள். 1955-ல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் போட்ட நாலு கட்டம் அது. எனக்கும் பிறருக்கும் தெரிந்த நான், எனக்கு மட்டும் தெரிந்த நான், யாருக்கும் தெரியாத நான், நாலாவதாக, பிறருக்குத் தெரிந்தும் எனக்குத் தெரியாத நான். அந்த நாலாவது கட்டத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பெண் சொன்னது அதுதானே! ஆனால் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்பச் சொன்னார்கள் தெரியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி மூன்று வார்த்தை எழுதச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் என்னை முதன்முதலில் பார்த்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. 'அன்பானவர், பொறுமைசாலி, நல்ல பேச்சாளர்' என்று எழுதிக் கொடுத்தார், பாவம் வேறென்ன எழுதுவார். என்னைப் பொறுமைசாலி என்று சொல்லும் ஒரு காகிதத்தை பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், அன்றைக்கு ராத்திரியே மகள் ஒரு முறை ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படம் சரி, கட்டம் சரி, ஆனால் கட்டத்துக்குள் போக வழி அங்கே இல்லை. அது எனக்கு உறைத்த பிறகுதான் கூட வேலை செய்யும் தமிழ் டீச்சர் ஒருவர் விபஸ்ஸனாவைப் பற்றிச் சொன்னார்.

பின்னணி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். இந்த முகாம்களை இந்தியாவில் தொடங்கிய எஸ்.என். கோயங்கா 1924-ல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்தவர், இந்திய வம்சாவளி வியாபாரக் குடும்பம். கடுமையான ஒற்றைத் தலைவலிக்காரர். அதற்கு வழி தேடித்தான் ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் போயிருக்கிறார். தலைவலியைத் தீர்த்துக்கொள்வதற்காக மட்டும் என்றால் வர வேண்டாம் என்று அவர் முதலில் மறுத்தார் என்று கோயங்காவே சொல்வார். அந்த ஊ பா கின் துறவி இல்லை, சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயர், தன் அலுவலக ஊழியர்களுக்கும் தியானம் சொல்லிக்கொடுத்தவர். கணக்கு டீச்சரான எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம். கோயங்கா முதல் முகாமில் உட்கார்ந்தது 1955, அங்கே அமெரிக்காவில் அந்த நாலு கட்டம் போட்ட அதே வருடம். தற்செயல்தான், ஆனாலும் எனக்கு மறக்கவில்லை. 1969-ல் இந்தியா வந்து கற்பிக்க ஆரம்பித்தார், 1976-ல் இகத்புரியில் பெரிய மையம் தொடங்கியது, 2013-ல் காலமானார். இன்றும் முகாமில் நம்மை நடத்துவது ஒலிப்பதிவில் வரும் அவர் குரல்தான், கூடவே தமிழ் மொழிபெயர்ப்பு. நேரில் இருப்பவர்கள் உதவி ஆசிரியர்கள்.

நான் போனது சென்னை திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது என்கிற விபஸ்ஸனா மையம். பல்லாவரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். விண்ணப்பம் இணையத்தில். விடுமுறை மாத இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பதினோரு நாள் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நான் இழுத்தபோது, "போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இந்த விமர்சனத்தில் முதல் நன்றி அவருக்குத்தான்.

கட்டணம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எதற்கும் காசு வாங்குவதில்லை. ஒரு பத்து நாள் முகாமையாவது முழுதாக முடித்தவர்களிடம் மட்டும்தான் நன்கொடையே வாங்குகிறார்கள், அதுவும் அவரவர் விருப்பம். 7,500 கட்டிவிட்டு வந்த எனக்கு இது முதலில் நம்பும்படியாகவே இல்லை. முன்னால் உட்கார்ந்தவர் யாரோ கொடுத்ததில் நான் உட்கார்கிறேன், நான் கொடுப்பதில் எனக்குத் தெரியாத யாரோ உட்காரப் போகிறார்கள். பரிமாறுகிறவர்களும் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, ஏற்கெனவே முகாம் முடித்துவிட்டுத் தொண்டு செய்ய வந்தவர்கள்.

நுழைந்ததும் போன், புத்தகம், பேனா, நோட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதி. அன்று மாலையிலிருந்து பத்தாம் நாள் காலை வரை சக மாணவர்களோடு பேச்சு இல்லை, சைகை இல்லை, கண்ணோடு கண் பார்ப்பதும் இல்லை. சந்தேகம் என்றால் ஆசிரியரிடம் கேட்கலாம், ஏதாவது தேவை என்றால் தொண்டர்களிடம் சொல்லலாம். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4:30-லிருந்து உட்கார ஆரம்பித்தால், சாப்பாடு, ஓய்வு நேரம் போக ராத்திரி 9 மணி வரை, ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்து மணி நேரம் தியானம். ராத்திரி 7 மணிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கோயங்காவின் உரை. அந்த உரைக்காகப் பகல் முழுக்கக் காத்திருப்பேன், அன்றைக்கு எனக்குள் நடந்ததை எங்கோ உட்கார்ந்து பார்த்தவர் போலப் பேசுவார். காலை 6:30-க்கு டிபன், 11-க்கு மதியச் சாப்பாடு, மாலை 5-க்கு டீயும் பழமும் பொரியும். எளிமையான சைவச் சாப்பாடு, எனக்குப் போதுமாக இருந்தது. ராத்திரிச் சாப்பாடு இல்லையே என்று பயந்திருந்தேன், மூன்றாம் நாளுக்குப் பிறகு அந்த நினைப்பே வரவில்லை.

முதல் மூன்று நாளும் ஆனாபானா. மூச்சை அடக்குவதில்லை, எண்ணுவதில்லை, மந்திரம் இல்லை. வந்து போகும் மூச்சை அது இருக்கிறபடி கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் என் மனம் திருத்தாத விடைத்தாள்களிலேயே சுற்றியது. இரண்டாம் நாள் ஆறு வருடத்துக்கு முன்னால் நாத்தனாரோடு நடந்த ஒரு சண்டை வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் சொன்னது, நான் சொன்னது, சொல்லாமல் விட்டது, சொல்லியிருக்க வேண்டியது என்று காலை முழுக்க ஓடியது. அந்தச் சண்டை நடந்தது பத்து நிமிடம் இருக்குமா? அதை ஆறு வருடமாக எத்தனை மணி நேரம் நடத்தியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன்.

நாலாம் நாள் விபஸ்ஸனா. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனித்துக்கொண்டு போக வேண்டும். சூடு, அரிப்பு, துடிப்பு, பாரம், மரத்துப்போதல், எது இருக்கிறதோ அது. பாலி மொழியில் இதற்கு வேதனா என்று பெயர். அங்கே அது எல்லா உணர்வையும் குறிக்கும் சொல், சுகமானதும் அதில் அடக்கம். தமிழில் நாம் அதை வலிக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். உட்கார்ந்து பார்த்தபோது அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம், கையைக் காலை அசைக்காமல், கண்ணைத் திறக்காமல் உட்காரும் உறுதியும் சேர்ந்துகொள்ளும். என் இடது முழங்கால் நாற்பது நிமிடத்தில் எரிய ஆரம்பிக்கும். கடைசி ஐந்து நிமிடம் ஒலிப்பதிவில் கோயங்கா பாடும் பாலி வரிகள் எப்போது ஆரம்பிக்கும் என்று உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

நான் இந்த விமர்சனத்தை எழுதுவதே ஆறாம் நாளுக்காகத்தான். மதியம் 2:30 மணி அமர்வு. முழங்கால் வழக்கம்போல எரிகிறது. தலையிலிருந்து கவனித்துக்கொண்டு இறங்குகிறேன், நெற்றி, கண், கன்னம். வலது கன்னத்துக்கு வந்ததும் கவனம் நின்றுவிட்டது. கடைவாய்ப்பல் இரண்டும் ஒன்றோடொன்று நெறுநெறுவென்று கடித்துக்கொண்டிருக்கின்றன. கல்லைக் கடித்த மாதிரி தாடை இறுகியிருக்கிறது. அந்த இறுக்கத்தில் உதட்டின் வலது ஓரம் மேலே இழுபட்டிருக்கிறது. நான் இழுக்கவில்லை, அது தானாக இழுபட்டிருக்கிறது. வலிக்கிறது முழங்கால், அதோடு சண்டை போடுவது தாடை. கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது, என் மகள் பார்த்த வாய் இதுதான். வலது பக்கம்! அழுகை வந்தது, சத்தம் போடக் கூடாது என்பதால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் தாடை கொஞ்சம் தளர்ந்தது, காதுக்குப் பின்னால் ஒரு சூடு பரவி அடங்கியது. முழங்கால் எரிச்சல் அப்படியேதான் இருந்தது, ஆனால் அது வெறும் எரிச்சலாக மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு பார்க்கிற இடமெல்லாம் அந்தத் தாடைதான். பக்கத்தில் யாரோ விடாமல் இருமினால் கடிக்கிறது. டீ வரிசையில் ஒருவர் முன்னால் போய்விட்டால் கடிக்கிறது. நாத்தனார் நினைவுக்கு வந்தால் சொல்லவே வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை முறை! கோபம் எனக்குச் சட்டென்று வரும் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். சட்டென்று வருவதில்லை. பல்லில் ஆரம்பித்து, காதுக்குப் பின்னால் ஏறி, அப்புறம்தான் தொண்டைக்கு வருகிறது. வழி நெடுக எனக்குத் தகவல் சொல்லிக்கொண்டுதான் வருகிறது, கேட்க ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது. தன்னை அறிவது என்றால் நான் எப்படிப்பட்டவள் என்று ஒரு பட்டியல் போடுவது என்று நினைத்திருந்தேன். எனக்கு உதவியது பட்டியல் இல்லை, அந்த ஒரு பல்.

பத்தாம் நாள், எல்லோரும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கும் மைத்ரீ தியானம் சொல்லிக்கொடுத்த பிறகு மௌனம் கலைகிறது. ஒன்பது நாளாக முகம் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவர்களோடு முதல் முறை பேசுவது தனி அனுபவம், பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் காலை உணவோடு கிளம்பலாம்.

இப்போது வந்த பிறகு நடந்தது. மாறிவிட்டேனா என்று கேட்டால், கத்துவது நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. ஆகஸ்டில் ஒரு நாள், கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் காரணிப்படுத்தலில் ஒரே சந்தேகத்தை மூன்றாவது முறை கேட்டான். பல் கடிபட்டது. கடிபட்டது என்று தெரிந்தது. பலகைப் பக்கம் திரும்பி சாக்பீஸை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "எந்த வரி வரைக்கும் புரிஞ்சுதுப்பா?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியாதது காரணிப்படுத்தல் இல்லை, குறை எண்களைக் கூட்டுவதில் அவனுக்குத் தடுமாற்றம். ஏழாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறான். முந்தைய வருடங்களில் இதே இடத்தில் நான் கத்தி உட்காரவைத்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு என்ன புரியாமல் இருந்ததோ. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு தாங்கவில்லை.

குறை என்று சொன்னால், முதலில் நேரம். பதினோரு நாள் வீட்டை விட்டு வர எல்லோராலும் முடியாது. தினக்கூலிக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்கள், படுத்த படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், இவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை, இவர்களால்தான் வர முடியாது. இரண்டாவது, முகாம் முடிந்த பிறகு காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது மலை. ஜூன், ஜூலை இரண்டு மாதம் தட்டுத்தடுமாறிச் செய்தேன், செப்டம்பரில் மாமியாரின் ஆபரேஷனோடு அடியோடு விட்டுவிட்டேன். விட்ட மூன்றாம் வாரமே மகள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மறுபடி ஆரம்பித்தேன், இப்போது காலையில் மட்டும் 40 நிமிடம். உள்ளே கற்றது தானாக நிலைத்துவிடும் என்று யாரும் நம்பிப் போகாதீர்கள், விட்டால் போய்விடும்.

உரைகளில் மறுபிறவி போன்ற விஷயங்களும் வரும். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு, என்னோடு வந்த ஒரு பெண்ணுக்கு இல்லை. பாயசத்தில் கிடக்கும் ஏலக்காயைக் கருப்புக் கல் என்று நினைக்கும் குழந்தை அதை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடட்டும் என்று கோயங்காவே உரையில் சொல்கிறார். அந்தப் பெண் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள், அவளுக்கும் பயன் இருந்தது. 1994-ல் கிரண் பேடி சிறைத் துறை அதிகாரியாக இருந்தபோது திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் ஒரே நம்பிக்கைக்காரர்களா என்ன.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கடுமையான மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இந்த முகாம் ஏற்றதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிய கேள்விகளை மறைக்காமல் நிரப்புங்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் போகவே வேண்டாம், தியானத்தை நம்பி மருந்தை நிறுத்தவும் வேண்டாம். பேச்சு, போன், புத்தகம் எதுவும் இல்லாமல் பத்து நாள் இருப்பது சின்ன விஷயம் இல்லை, அடியில் கிடந்ததெல்லாம் மேலே வரும். நல்ல உடல்நிலையில் போன எனக்கே ஏழாம் நாள் ராத்திரி காரணம் இல்லாமல் பயம் வந்து தூக்கம் போனது. மறுநாள் ஆசிரியரிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார், கொஞ்ச நேரம் மூச்சுக்கே திரும்பி வரச் சொன்னார், சரியானது. அப்படி ஏதாவது வந்தால் உள்ளேயே வைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்காதீர்கள், உடனே போய்ச் சொல்லுங்கள்.

போகிறவர்களுக்கு: தளர்வான பருத்தி உடை நாலைந்து, ஒரு சால்வை, டார்ச், கொசுவிரட்டி, ஊசிநூல், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. துணியைக் கையால் துவைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தே எடுத்து வையுங்கள். தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலி வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போவதற்கு முந்தின வாரமே அதிகாலையில் எழுந்து பழகினால் முதல் இரண்டு நாள் தூங்கி விழ மாட்டீர்கள், நான் பழகாமல் போய்க் கஷ்டப்பட்டேன்.

வரும் மே மாதத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கப் போகிறேன். இரண்டாவது முறை போகிறவர்களுக்கு மதியத்துக்குப் பிறகு சாப்பாடு கிடையாது, மாலையில் எலுமிச்சைத் தண்ணீர் மட்டும்தான். அந்தப் பொரி இல்லாமல் எப்படி என்று இப்போதே யோசனையாக இருக்கிறது.